நகை படத்துக்கு கீழ டிசைனர் பேரையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் ஞாயிறு இணைப்புல பழைய காலத்து டிசைனர் நகைகள் பத்தி ஒரு முழு பக்கம் போட்டிருந்தீங்க, படமெல்லாம் அவ்ளோ தெளிவு, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா ஒவ்வொரு படத்துக்கும் கீழ அந்த நகைய யார் போட்டிருந்தாங்க, ஏலத்துல எவ்ளோக்கு போச்சுன்னுதான் இருக்கே தவிர அதை வரைஞ்ச ஆளோட பேர் ஒண்ணுல கூட இல்ல. நானும் நகை டிசைன் வேலைலதான் இருக்கேன், அதனால சொல்லாம விட மனசு வரல.

சுசான் பெல்பெரோன்னு ஒரு அம்மா இருந்தாங்க. 1900ல பிரான்ஸ்ல, கல்லு பட்டை தீட்டுற தொழில் நடந்த சான்-க்ளோத்ங்கற ஊர்ல பிறந்தவங்க. 1919ல பாரிஸ்ல புவாவேன்ங்கற நகைக்கடைல வேலைக்கு சேர்ந்தாங்க. அங்க யார் டிசைன் பண்ணாலும் வெளிய கடை பேர்தான். 1932ல அதை விட்டுட்டு பெர்னார் ஹெர்ஸ்னு ஒரு கல்லு வியாபாரிகிட்ட போனாங்க, அவர் இவங்க இஷ்டத்துக்கே விட்டுட்டார், அதுக்கு அப்புறம்தான் இவங்க யாருன்னே ஊருக்கு தெரிஞ்சுது.

இவங்க வேலைய கொஞ்சம் கிட்ட போய் பாக்கணும். நாம மாலையா கோத்து போடுற அதே ஸ்படிகம், அதுல ஒரே கட்டிய எடுத்து மோதிரமா செதுக்கி, அந்த ஸ்படிகத்துக்குள்ளயே வைரத்த பதிச்சிருப்பாங்க. வழக்கமா கல்ல தங்கம்தான் பிடிக்கும், இங்க கல்ல கல்லே பிடிச்சுட்டு நிக்குது, 1930கள்ல இதை யோசிக்க எவ்ளோ தைரியம் வேணும்! கஸ்டமர் வந்தா கை, விரல் எல்லாம் அளவு எடுத்து, முகத்த பாத்து, அவங்க எப்படி வாழறாங்கன்னு கேட்டுதான் வரையவே ஆரம்பிப்பாங்களாம். எல்லாம் செஞ்சுட்டு கையெழுத்து மட்டும் போட மாட்டாங்க, என் ஸ்டைல்தான் என் கையெழுத்துன்னு சொல்லிட்டாங்க. அதனால அந்த நகைய திருப்பி பாத்தா பிரான்ஸ் அரசாங்க முத்திரையும் செஞ்ச பட்டறையோட அடையாளமும் இருக்கலாம், இவங்க பேர் இருக்காது.

ரெண்டாம் உலகப்போர் வந்துச்சு. ஹெர்ஸ் யூதர். ஜெர்மன்காரன் பிடிச்ச பாரிஸ்ல கடைய காப்பாத்த இந்த அம்மா அதை தன் பேருக்கு மாத்தி நடத்துனாங்க. 1942ல ஹெர்ஸ புடிச்சுட்டு போயிட்டாங்க, அவர் ஆஷ்விட்ஸ்ங்கற நாஜி வதைமுகாம்ல செத்துப்போனார். அமெரிக்கால வேலை தர்றோம்னு கூப்பிட்டும் இந்த அம்மா போகல. போர்க்கைதியா இருந்த ஹெர்ஸ் மகன் திரும்பி வந்ததும் அவரையும் பார்ட்னரா சேர்த்து ரெண்டு பேர் பேர்லயும் 1974 வரைக்கும் கடை ஓடுச்சு. இந்த அம்மா 1983ல காலமானாங்க.

நாலு வருஷம் கழிச்சு, 1987ல ஜெனீவால விண்ட்சர் சீமாட்டியோட நகைகள் ஏலத்துக்கு வந்துச்சு, பிரிட்டன் மன்னர் எட்வர்ட் ராஜ பதவியவே துறந்து கல்யாணம் பண்ணது இந்த சீமாட்டியதான், அவங்க நகைன்னு உலகமே திரும்பி பாத்துச்சு. அதுல பெல்பெரோன் செஞ்சதும் இருந்துச்சு, ஆனா கேட்டலாக்ல எல்லாத்துக்கும் பெல்பெரோன் பேர் வரல, ஏன்னா நகைல பேர் இல்லையே. நல்லவேளை, பெல்பெரோன் வரைஞ்ச டிசைன் தாளும் ஆர்டர் புத்தகமும் ரொம்ப வருஷம் கழிச்சு பாரிஸ்ல ஒரு வீட்ல இருந்து கிடைச்சுது. இப்ப அதை வச்சுத்தான் எது அவங்களோடதுன்னு ஒத்துப் பாத்து சொல்றாங்க. அந்த பேப்பர் எல்லாம் பழைய பேப்பர் கடைக்கு போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சாலே மனசு பதறுது.

அவங்க கையெழுத்து வேணாம்னு சொன்னது அவங்க இஷ்டம், அதுக்காக நாம பேர விட்டுடறது நியாயம் இல்ல சார். படிச்சுட்டு இந்த தொழிலுக்கு வர்ற பசங்ககிட்ட வீட்ல கேக்கறது, இதுல உனக்கு பேர் வருமான்னுதான். பேப்பர்லயே போடலன்னா அவங்க என்னன்னு பதில் சொல்லுவாங்க?

அடுத்த தடவை நகை படம் போடும்போது விலைக்கு முன்னாடி டிசைனர் பேர், முடிஞ்சா பட்டறை பேர், வருஷம், இந்த மூணையும் போடுங்க. பேர் கிடைக்கலன்னா கிடைக்கலன்னே போடுங்க, படிக்கிறவங்கள்ல தெரிஞ்ச யாராவது கண்டிப்பா எழுதுவாங்க.

இப்படிக்கு,
ஒரு நகை டிசைனர், திருச்சி