நந்தினிக்கு, பிரெஞ்சுப் பாடம் குறித்து

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்பு மகள் நந்தினிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் நலம். அங்கு கனடாவில் மாப்பிள்ளையும் குழந்தையும் நீயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலை இரண்டு முறை படித்தேன். பிரெஞ்சு கற்றுக்கொள்ளப் பதினோரு செயலிகள், நான்கு இணையவழிப் பாடங்கள், இரண்டு ட்யூஷன் விளம்பரங்கள், அவற்றின் அடியில், "எதற்கும்மா பணம் கட்டலாம்?" என்று ஒரே ஒரு கேள்வி. முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத வரவில்லை.

முதலில் உனக்கு எவ்வளவு பிரெஞ்சு தேவை என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நிரந்தரமாகக் குடியேற ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், பிரெஞ்சு அறிந்தவர்களுக்கென்று கனடா 2023 முதல் நடத்தும் தனித் தேர்வுச் சுற்றில் இடம்பெற, கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்ற நான்கிலும் கனடாவின் பிரெஞ்சுத் திறன் அளவுகோலான என்.சி.எல்.சி.யில் 7 வேண்டும். மூன்றில் ஒன்பது வாங்கி ஒன்றில் ஆறாக நின்றுவிட்டால் அந்தச் சுற்றில் உனக்கு இடமில்லை. நான்கிலும் ஏழைத் தொட்டால், உனக்கு இருக்கும் ஆங்கில மதிப்பெண்ணோடு சேர்த்து 50 கூடுதல் புள்ளிகளும் கிடைக்கும். இதற்கென ஏற்கப்படும் தேர்வுகள் டெஃப் கனடா, டி.சி.எஃப். கனடா ஆகிய இரண்டே. அவற்றின் முடிவு இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால், தயாராவதற்கு முன்பே அவசரப்பட்டுத் தேர்வுக்குப் பணம் கட்டிவிடாதே. இந்த ஏழு, ஐரோப்பிய அளவுகோலில் சொன்னால் ஏறக்குறைய பி2 நிலை, அதாவது ஆறு படிகளில் நான்காவது. வணக்கம் சொல்லிக் காபி வாங்கும் பிரெஞ்சு அதற்குப் போதாது.

நீ பிளஸ் டூவில் பிரெஞ்சில் 200க்கு 194 வாங்கியவள். அந்த மதிப்பெண்ணை இன்றைக்கு நீ நம்பக் கூடாது என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. உனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி அல்லவா? தமிழை விட்டுப் பிரெஞ்சை எடுத்தால் மதிப்பெண் கூடும் என்று வந்த பிள்ளைகளுக்கு நாங்கள் மதிப்பெண்ணைத்தான் கொடுத்தோம். வினைச்சொற்களின் விகுதிகளை வரிசையாக எழுதத் தெரிந்தது, கொடுத்த பத்திக்குப் பதில் எழுதத் தெரிந்தது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு வாக்கியத்தைக்கூட நீ வாய்திறந்து ஒருவரிடம் சொல்லவும் இல்லை, ஒருவர் சொல்லிக் கேட்கவும் இல்லை. என் தந்தையார், உன் தாத்தா, சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்தவர். பிழையில்லாமல் ஒரு வரி எழுத அவருக்கு வராது. ஆனால் ஓய்வூதியக் காகிதங்களோடு கவுன்ட்டரில் நின்றால், எதிரில் இருக்கும் வெள்ளைக்காரர் கேள்வியை முடிப்பதற்குள் இவர் பதிலைத் தொடங்கிவிடுவார். உன்னிடம் இருப்பது கண்ணால் கற்ற பிரெஞ்சு, அவரிடம் இருந்தது காதால் கற்ற பிரெஞ்சு. ஆகவே உன் பட்டியலில் எது காதுக்கும் வாய்க்கும் வேலை கொடுக்கிறதோ அதற்கு மட்டும் பணம் கட்டு என்பதே என் பதில்.

காது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பிரெஞ்சில் எழுத்து ஒரு வழியிலும் ஒலி இன்னொரு வழியிலும் போகும். 'பேசு' என்ற வினையை நான், நீ, அவன், அவர்கள் என்ற நான்கு இடங்களுக்கும் எழுதினால் மூன்று வெவ்வேறு விகுதிகள் வருகின்றன. வாயால் சொன்னால் நான்கும் ஒரே 'பார்ல்' தான். நீ பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்த அந்த விகுதிகளைக் காது கேட்பதே இல்லை. நண்பர்கள் என்று சொல்லும்போது, 'லே', 'அமி' என்று தனித்தனியாக இருப்பவை 'லேஸமி' என்று (அந்த ஸகரத்தை ஈயின் ரீங்காரம் போல அதிரவிட்டு) ஒட்டிக்கொள்கின்றன. நம் இலக்கணத்தில் இதைப் புணர்ச்சி என்போம். நாம் புணர்ச்சியை எழுதியும் காட்டுகிறோம், அவர்கள் ஒலியில் மட்டும் செய்துவிட்டு எழுத்தைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்கிறேன், ஆங்கிலம் வழியாக நடத்தும் எந்தப் பாடமும் இதை உனக்குச் சொல்லாது. மூக்கொலி உயிர்களைக் கண்டு நீ பயப்படுகிறாய் என்று எழுதியிருந்தாய். 'பணம்' என்று பேச்சுவழக்கில் சொல்லிப் பார். கடைசி மகரத்துக்கு உன் உதடுகள் மூடுகின்றனவா? மூடுவதில்லை, ஓர் ஒகரம் மூக்கின் வழியாகப் போய் முடிந்துவிடுகிறது. நல்லது என்பதற்கான பிரெஞ்சுச் சொல் 'பொன்' அந்த ஒலியில்தான் முடிகிறது. தொடக்கப் பகரத்தை மட்டும் 'பஸ்' என்பதில் வருவதுபோல அதிரச் சொல்ல வேண்டும். 'மரம்', 'பழம்' என்று நாள் முழுவதும் மூக்கால் பேசுகிற நமக்கு இது புதிய ஒலியே அன்று. 'நீ' என்பதற்கான 'த்யு' வேறு வகை: உதட்டை உகரத்துக்குக் குவித்துக்கொண்டு உள்ளே இகரத்தைச் சொல்ல வேண்டும். கண்ணாடி முன் நின்று பத்து நாள் செய்தால் வந்துவிடும். கியூபெக்கில் அதையே 'ட்ஸ்யு' என்பது போலச் சொல்வார்கள், கேட்டுத் திகைக்காதே.

இனி உன் பட்டியல். அதில் முதலாவதாக, உச்சரிப்பைக் கணினியே திருத்தும் என்று பெருமையடிக்கும் ஒன்று இருக்கிறது. அதே வகை மென்பொருள் ஒன்றை நானும் போன ஆண்டு வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் எதற்கு? 'பொன்ஜூர்' என்று வணக்கம் சொல்லச் சொல்லி ஒலிவாங்கியின் படம் வந்தது. நான் வேண்டுமென்றே, நல்ல தெளிவான தமிழில், "பொன் சோறு" என்றேன். பச்சை நிறத்தில் சரி என்று அடையாளம் வந்து மணி அடித்தது. அப்பாவையும் சொல்லச் சொன்னேன்; அவருக்கும் பச்சைதான். ஆண்டு முடிந்ததும் கேட்காமலே அப்பாவின் கார்டிலிருந்து மறு ஆண்டுச் சந்தாவையும் எடுத்துக்கொண்டார்கள். இலவசச் சோதனை என்று எதில் சேர்ந்தாலும் அன்றைக்கே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடு.

டுயோலிங்கோ செயலியை நீக்க வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம். பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்துக்கு அது போதும். சொற்கட்டைகளை இழுத்து வரிசைப்படுத்துவதில் நீ கெட்டிக்காரியாகிவிடுவாய். ஆனால் கட்டைகள் முன்னால் இல்லாதபோது வாக்கியத்தை நீயேதான் உருவாக்க வேண்டும். முந்நூறு நாள் விடாமல் செய்தேன் என்ற கணக்கைத் தேர்வறையில் யாரும் கேட்கப் போவதில்லை.

முதுகெலும்பாக ஒரே பாடத்தைத் தேர்ந்தெடு. என் தேர்வு அசிமில். 1929இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் அது. ஒவ்வொரு பாடமும் ஒரு சிறிய உரையாடல், அதன் ஒலிப்பதிவு, எதிர்ப்பக்கத்தில் பொருள், அடியில் சில குறிப்புகள் என்ற அளவில் முடிந்துவிடும். முதல் ஐம்பது பாடங்களைக் கேட்டுப் புரிந்துகொண்டு உரக்கச் சொன்னால் போதும். அதன் பிறகு நாளுக்கொரு புதிய பாடத்தோடு பழைய பாடம் ஒன்றை எடுத்து, பொருளை மட்டும் பார்த்துக்கொண்டு பிரெஞ்சில் நீயே சொல்ல வேண்டும். இந்த இரண்டாம் சுற்றைத்தான் பெரும்பாலோர் சோம்பலால் விட்டுவிடுகிறார்கள். புத்தகத்தைத் திறக்காமல் ஒலியைக் கேட்பது, பிறகு பார்த்துக்கொண்டு கேட்பது, பிறகு ஒலியோடு சேர்ந்தே சொல்வது என்று வைத்துக்கொள். பாடத்துக்கு அரை மணி ஆகும்.

நீ வேலைக்குக் காரில் போகும் நேரத்துக்குப் பிம்ஸ்லர் நல்லது. அரை மணி நேர ஒலிப்பாடம். கேள்வி கேட்டுவிட்டு இடைவெளி விடுவார்கள், நீ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்வளம் அதில் குறைவு, விலையோ அதிகம். உங்கள் ஊர் நூலகத்தில் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிறகு வாங்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்காகத் தயாரித்த பழைய பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே வாக்கியத்தை இருபது விதமாக மாற்றிச் சொல்லவைக்கும் அந்தப் பயிற்சி அலுப்பானது, ஆனால் நாக்கு பழகும்.

சொற்களை மறக்காமலிருக்க அங்கி (Anki) என்ற அட்டை மென்பொருள் ஒன்றே போதும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் மட்டும் விலை. நீ மறக்கப்போகும் தறுவாயில் அட்டையைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும். யாரோ செய்துவைத்த ஐயாயிரம் அட்டைகளை இறக்கிக்கொள்ளாதே. உன் பாடத்தில் வந்த வாக்கியத்தை, ஒலியோடு, நீயே அட்டையாக்கு. மேசை என்பதைத் தனியாக எழுதாமல், 'லா' என்ற முன்சொல்லோடு எழுது. ஆண்பாலைத் திணையும் அறிவும் பார்த்துச் சொல்லிப் பழகிய நமக்கு, மேசை பெண் என்பதும் புத்தகம் ஆண் என்பதும் கடைசிவரை உறுத்தும். 'சியோன்' என்று முடிபவை ஏறக்குறைய எல்லாமே பெண்பால் என்ற ஒரு விதி மட்டும் பல நூறு சொற்களுக்கு உதவும்.

கேட்பதற்குப் பணமே வேண்டாம். பிரான்சின் ஆர்.எஃப்.ஐ. வானொலி எளிய பிரெஞ்சில் நாள்தோறும் தரும் பத்து நிமிடச் செய்தியைக் கேள். டிவி5மோந்து தளத்தில் நிலைவாரியான காணொலிப் பயிற்சிகள் இருக்கின்றன. கனடாவின் பிரெஞ்சு காதில் விழ, சிபிசி ரேடியோ கனடாவின் மோரில் செயலி இலவசம். கியூபெக்கில் 'தினே' என்றால் மதிய உணவு. நான் கற்பித்த பிரெஞ்சில் அது இரவு உணவு.

மிச்சப்படும் பணம் முழுவதையும் ஓர் ஆளுக்குக் கொடு. நான்கு மாதம் கழித்து, வாரம் ஒரு மணி நேரம், தேர்வின் வாய்மொழிப் பகுதியை அறிந்த ஓர் ஆசிரியர் போதும். டெஃப் தேர்வில் முதல் ஐந்து நிமிடம் ஒரு விளம்பரத்தைப் பார்த்துத் தொலைபேசியில் விவரம் கேட்பதுபோல் கேள்விகளாகக் கேட்க வேண்டும். அடுத்த பத்து நிமிடம் மறுக்கும் நண்பரைச் சம்மதிக்கவைக்க வேண்டும். சேருமுன் அந்த ஆசிரியரிடம் இதையே செய்துகாட்டச் சொல். அறுபது நாளில் என்.சி.எல்.சி. 7 என்று விளம்பரம் செய்பவரிடம் போகாதே. ஆங்கிலம் தாய்மொழியான அமெரிக்க அதிகாரிகளுக்கே முழுநேர வகுப்பில் ஏறக்குறைய 30 வாரங்கள் ஒதுக்குகிறார்கள். வேலையும் குழந்தையுமாக இருக்கும் உனக்கு நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வைத்து ஒன்றரை ஆண்டு என்று நான் கணக்கிடுகிறேன். மாப்பிள்ளையிடம் இந்தக் கணக்கை இப்போதே சொல்லிவிடு. அவரும் சேர்ந்து படிப்பதானால் இன்னும் நல்லது.

ஆசிரியர் கிடைக்கும்வரை நான் இருக்கிறேன். சனிக்கிழமை உனக்குக் காலை எட்டு மணி, எனக்கு மாலை ஐந்தரை. வாடகைக்கு வீடு என்று நான் ஒரு விளம்பரம் அனுப்பிவைக்கிறேன். நீ கூப்பிட்டு வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டும், நான் வீட்டுக்காரி. தமிழில் ஒரு சொல் வந்தாலும் வீடு வாடகைக்குப் போய்விட்டது என்று வைத்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா