ட்ரம்பெட்டுக்கு ஒரு பின்பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மேற்கத்திய சாஸ்திரிய இசையை அறிமுகப்படுத்தி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைப் பங்களிப்பு ஜாஸோடும் புளூஸோடும் முடிந்துபோனது என்ற எண்ணத்தை அக்கட்டுரை ஏற்படுத்துகிறது. முழு வாத்தியக் குழுவுக்கென ஐந்து சிம்பொனிகளை எழுதிய வில்லியம் கிராண்ட் ஸ்டில்லின் பெயர்கூட அதில் இடம்பெறவில்லை. இடப் பற்றாக்குறை காரணமாக இருக்கலாம். குறை கூறுவது என் நோக்கமன்று. சுடலை மாடன் கோயில் கொடையில் கணியான் கூத்தையும் வில்லுப்பாட்டையும் விடிய விடியக் கேட்டுப் பழகிய திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு ஸ்டில்லின் இசை மற்றவர்களைவிட விரைவில் பிடிபடும் என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையின் பேரில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஸ்டில் 1895-இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்து, ஆசிரியையான தாயோடு ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் வளர்ந்தார். இளமையில் ‘புளூஸின் தந்தை’ எனப்பட்ட டபிள்யூ. சி. ஹேண்டியிடம் வாத்திய இசையமைப்பாளராகப் பணியாற்றினார். 1921-இல் நியூயார்க்கைக் கலக்கிய கறுப்பினக் கலைஞர்களின் இசை நாடகமொன்றின் குழுவில் ஓபோ என்னும் சீவாளிக் குழல் வாசித்தார். பிறகு பாஸ்டனின் ஜார்ஜ் சாட்விக்கிடமும், அக்காலத்தின் அதிநவீனப் புதுமைக்காரரான எட்கார் வரேஸிடமும் பயின்றார். ஆக, கூத்துமேடைப் பயிற்சியும் பண்டிதப் பயிற்சியும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தன. 1930-இல் அவர் எழுதி முடித்த ‘ஆஃப்ரோ-அமெரிக்கன் சிம்பொனி’யை மறு ஆண்டில் ஹோவர்ட் ஹான்சன் தலைமையில் ராச்செஸ்டர் ஃபில்ஹார்மோனிக் குழு அரங்கேற்றியது. அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் எழுதிய சிம்பொனியை அந்நாட்டின் முதன்மைக் குழுவொன்று வாசித்தது அதுவே முதல் முறை.

அந்த சிம்பொனியின் முதல் பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் ஹார்ன் என்னும் கருவி தனித்துப் பாடுவதோடு அது தொடங்குகிறது. இதுவும் நாகஸ்வரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் கருவிதான். காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பைக் கேட்டுப் பழகிய செவிக்கு அதன் குரல் அந்நியமாகப் படாது. அந்தச் சிறு ஆலாபனை ஓய்ந்ததும், அகன்ற வாயில் அடைப்புச் செருகிய ட்ரம்பெட் ஒன்று புளூஸ் மெட்டைத் தொடங்குகிறது. பன்னிரண்டு தாள அளவுகள், நான்கு நான்காக மூன்று அடிகள் என்பது புளூஸின் கட்டுக்கோப்பு. பாட்டாகப் பாடும்போது முதலடியைச் சொல்லி, அதையே திரும்பச் சொல்லி, மூன்றாமடியில் கருத்தை முடிப்பது மரபு. ஒவ்வோர் அடிக்குப் பின்னும் சிறிது இடம் காலியாக விடப்படும். அந்த இடத்தில் கிட்டாரோ பியானோவோ பதில் சொல்லும். ஸ்டில்லின் சிம்பொனியில் அந்தப் பதிலைக் குழல் கருவிகள் சொல்கின்றன. வில்லுக்கு வலப்பக்கம் அமர்ந்த புலவர் ஓரடி பாடி நிறுத்த, இடப்பக்கத்தார் அதை வாங்கிப் பின்பாட்டுப் பாடும் முறையை அறிந்தவருக்கு இங்கே நடப்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

புளூஸின் சுவை அதன் ஸ்வரங்களிலும் இருக்கிறது. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே ஊசலாடுகிற, எதிலும் முழுமையாக நிலைகொள்ளாத ஒரு காந்தாரம் அதில் உண்டு. ஐரோப்பிய வாத்தியக் குழுவின் இசைக்குறிப்பில் அந்த ஊசலாட்டத்தை எழுதிக் காட்டுவது கடினம். ஸ்டில் இரண்டு காந்தாரங்களையும் அடுத்தடுத்துப் புழங்கவிட்டும், அடியில் ஒலிக்கும் ஸ்வரக்கூட்டுகளோடு உரசவிட்டும் அந்த உணர்வைக் கொண்டுவருகிறார்.

தாழ்ந்தது எனக் கருதப்பட்ட புளூஸை உயர்ந்த இசைத்தளத்துக்கு ஏற்றிக் காட்டுவதே தம் நோக்கம் என ஸ்டில்லே சொல்லியிருக்கிறார். அவரைப் பற்றி எழுதுவோரும் அதையே திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. புளூஸ் ஏறிச் சென்று சிம்பொனியின் சபையில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தால் அப்படிச் சொல்லலாம். இங்கே இடம் மாறி அமர்ந்தது சிம்பொனிதான். வழக்கமான இலக்கணப்படி, முதற்பகுதியின் முடிவில் முதற்கருப்பொருளான மெட்டு முதலிலும் இரண்டாவது மெட்டு பின்னரும் திரும்பி வர வேண்டும். ஸ்டில் அந்த வரிசையைப் புரட்டி, கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடலின் சாயல் கொண்ட இரண்டாவது மெட்டை முன்னே அனுப்பிவிட்டு, புளூஸைக் கடைசியாக வரச்செய்கிறார். அடுத்த பகுதிகளிலும் அதே மெட்டு உருமாறி உருமாறித் தலைகாட்டுகிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: அந்த மெட்டு எங்கிருந்தோ எடுத்தாண்ட நாட்டுப்பாடல் அன்று, அவரே புனைந்தது. வெளியிலிருந்து வந்து சேகரிப்பவர் கிடைத்த மெட்டை மாற்றத் தயங்குவார். அந்த மரபிலேயே ஊறியவர் அதில் புதிதாக ஒன்றைப் பாடிவிடுவார்.

மூன்றாம் பகுதியில் பாஞ்சோ என்னும் கம்பிக் கருவி வருகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் நினைவிலிருந்து பிறந்த கருவி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து நடத்திய மேடை நிகழ்ச்சிகளில் அதுவே கேலியின் அடையாளமாகவும் ஆக்கப்பட்டது. அப்படி அவமானம் ஏறிய கருவியை, வயலின்களுக்கும் செல்லோக்களுக்கும் நடுவில், ‘நகைச்சுவை’ என்று குணப்பெயர் சூட்டிய பகுதியில் ஸ்டில் துணிந்து வைத்தார். ஆனால் சிரிப்பின் திசை மாறிவிட்டது: அங்கே ஒலிப்பது விடுதலையை எண்ணி ‘அல்லேலூயா’ முழக்கும் மகிழ்ச்சி. ஒவ்வொரு பகுதிக்கும் கறுப்பினக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பரின் கவிதை வரிகளை அவர் முகப்பில் வைத்திருப்பதும் இந்தப் பொருளை உறுதிப்படுத்துகிறது. நையாண்டி மேளத்தையும், கணியான் கூத்தில் முழங்கும் மகுடம் என்ற பறையையும் சபைக்கு ஆகாதவை என ஒதுக்கும் பேச்சு நம் ஊரில் இன்னும் முற்றிலும் ஓயவில்லை என்பதால், இப்பகுதியைக் கேட்கும்போது எனக்குத் தனியானதொரு நிறைவு உண்டாகிறது.

நான்காம் பகுதியைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பிக் கருவிகள் மெதுவாக, பாடகர் குழு சேர்ந்து பாடுவதுபோல் இசைக்கும் அதன் தொடக்கம் மிகச் சிறப்பானது. வேகமெடுத்து முடியும் இறுதிப் பகுதியோ கச்சேரி முடிய வேண்டுமே என்பதற்காகச் சேர்த்ததுபோல் தோன்றுகிறது.

பல குரல்கள் இணைந்து ஒலிக்கும் இசை நமக்குப் புரியாது என்ற தயக்கம் சிலருக்கு இருக்கலாம். பாளையங்கோட்டை ஆலயங்களில் பல தலைமுறைகளாகப் பாமாலைகளை நான்கு குரலில் பாடி வருகிறோம். அங்கே ஆண்குரல் பகுதிகளான டெனரும் பேஸும் பாடியவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் கொடை விழாவின் வில், மறுபக்கம் ஆலயத்தின் நான்கு குரல் என இரண்டும் கூப்பிடு தொலைவில் கேட்கும் ஊர் நம்முடையது. ஸ்டில்லின் இசையும் இப்படி இரண்டு ஊற்றுகளிலிருந்தும் நீர் குடித்ததுதான்.

அதே லிட்டில் ராக் நகரில் 1887-இல் பிறந்த ஃபுளோரன்ஸ் பிரைஸ் என்ற பெண்மணியையும் குறிப்பிட வேண்டும். அவருடைய முதல் சிம்பொனியைச் சிகாகோ சிம்பொனி குழு 1933-இல் வாசித்தது. அதன் மூன்றாம் பகுதி ஜூபா ஆட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. பறையடிப்பது தடுக்கப்பட்ட இடங்களில் அடிமைப்பட்ட மக்கள் கைகளையும் தொடைகளையும் மார்பையும் தட்டித் தாளம் போட்டு ஆடிய ஆட்டம் அது. இவருடைய கையெழுத்துப் பிரதிகள் பல, அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, 2009-இல் இல்லினாய் மாநிலத்தில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டில் கிடைத்தன. அந்தக் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். இசையைப் பற்றி எழுதுவோர்தாம் குறைவு.

ஸ்டில்லுக்கு மரியாதைகள் கிடைக்காமல் இல்லை. 1936-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மோனிக் குழுவை அவர் நடத்தினார். அமெரிக்காவின் பெருங்குழு ஒன்றை நடத்திய முதல் கறுப்பினத்தவர் அவரே. ஹெய்ட்டியின் விடுதலைப் போரைப் பொருளாகக் கொண்ட அவருடைய இசை நாடகத்தை 1949-இல் நியூயார்க் சிட்டி ஆப்பெரா மேடையேற்றியது. ஆனால் அந்நாடகம் சில முறை மேடையேறியதோடு நின்றது. 1978-இல் அவர் மறைந்தபோது அவருடைய படைப்புகளில் பெரும்பாலானவை கச்சேரி அரங்குகளில் அபூர்வமாகவே ஒலித்தன. முதல் சிம்பொனி மட்டும் ஓரளவு தொடர்ந்து வாசிக்கப்பட்டு வருகிறது.

ஆகவே தங்கள் ஞாயிறு இணைப்பில் ஸ்டில்லின் இசைக்கென ஒரு பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன். அதில் அவர் பட்ட இன்னல்களைச் சுருக்கமாகவும் அவருடைய வாத்திய அமைப்பை விரிவாகவும் எழுதச் செய்வது நல்லது. வில்லுப்பாட்டை ஒலிபரப்பிவரும் திருநெல்வேலி வானொலி நிலையத்தாருக்கும், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையினருக்கும் தங்கள் வாயிலாக ஒரு விண்ணப்பம்: ஒரு வில்லுப்பாட்டு நிகழ்ச்சியை அடுத்து இந்த சிம்பொனியைக் கேட்கச் செய்து, வில்லிசைப் புலவர் ஒருவரிடமும் மகுடக் கலைஞர் ஒருவரிடமும் அவர்கள் கேட்டது என்ன என்று பேச வைக்கலாம். முழு சிம்பொனியும் ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடங்களே ஆகும் என்பதால் அரைமணி நேர நிகழ்ச்சியில் அது அடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
பாளையங்கோட்டை.