கிப்பூருக்கு வெள்ளைத்துணி

பாப்பா,

நேத்து நீ போன வச்சதுக்கப்புறம் எனக்கு தூக்கமே வரல. இஸ்ரேல்ல நீ வேலைக்கு இருந்து பாத்துக்கற அந்த கொச்சி யூத அம்மச்சி ரெண்டு நாளா அலமாரிய திறந்து அந்த வெள்ளை டிரஸ்ஸ எடுத்து எடுத்து பாத்து "இது வெளுத்தது போதாது"ன்னு மலையாளத்துல சொல்லி அழறாங்க, நான் என்ன பண்ணட்டும்னு கேட்டியே, அதுக்கு போன்லயே பதில் சொல்ல எனக்கு வாய் வரல. அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமா வரும், ராத்திரி டியூட்டி முடிஞ்சு மெதுவா படி.

முதல்ல ஒண்ணு. அவங்களுக்கு புத்தி பேதலிச்சுடுச்சுன்னு நினைச்சிடாத. கிப்பூர் வருதுல்ல, அதான். யோம் கிப்பூர்னா வருஷத்துலயே யூதங்களுக்கு பெரிய நோன்பு, முதநாள் பொழுது சாய்றதுக்கு முன்ன ஆரம்பிச்சு மறுநாள் நட்சத்திரம் தெரியற வரைக்கும் சோறு தண்ணி எதுவும் கிடையாது, நாள் முழுக்க பள்ளியிலதான் இருப்பாங்க, அவங்க ஜெபம் பண்ற சினகாக்க இங்க பள்ளின்னுதான் சொல்லுவோம் உனக்கு தெரியும். அன்னிக்கு வெள்ளைதான் உடுத்தணும். இங்க கொச்சி மட்டாஞ்சேரி ஜூ டவுன்ல அந்த வெள்ளைய வெளுத்து கொடுத்தது யாருன்னு நினைக்கற, நம்ம வீடுதான். உங்க தாத்தா, அவருக்கு அப்புறம் நான். தோபிகானாங்கற பொது சலவைக்கூடம் கட்டுறதுக்கு முன்ன குளத்தங்கரையில துவைச்சு, நீலம் போட்டு, கஞ்சி வடிச்சு, சிரட்டைக்கரி பெட்டியில தேச்சு சைக்கிள் பின்னாடி கட்டிட்டு போவோம். கிப்பூருக்கு முந்தின பத்து நாள் நமக்கு ராவு பகல் கிடையாது. ஒரு சின்ன மஞ்சள் கறை காலர்ல இருந்தா கூட அந்த வீட்டுக்காரம்மா வெயிலுக்கு நேரா தூக்கி பிடிச்சு பாத்துட்டு திருப்பி கொடுத்துடுவாங்க. கோவப்பட மாட்டாங்க, "இன்னொரு வட்டம் வெளுக்கணும், கிப்பூருக்காக்கும்"னு மட்டும் சொல்லுவாங்க. உன் அம்மச்சி சொல்றதும் அதேதான். சின்ன வயசுல அவங்க அம்மா சொன்னத கேட்டிருப்பாங்க.

இந்த தெருவுல ஒரு காலத்துல மூணு பள்ளி இருந்துச்சு பாப்பா. வடக்கு கோடியில 1568-ல கட்டின பரதேசிப் பள்ளி, அதாவது பின்னாடி வெளிதேசத்துலேர்ந்து வந்த யூதங்களோடது, அரமனை கோயில் மதிலும் அதோட மதிலும் ஒண்ணு, கோயில் மணியும் பள்ளி பாட்டும் ஒரே நேரத்துல கேக்கும். மணிக்கூண்டு 1760-ல வந்தது, ஒரு முகத்துல எபிரேய எழுத்து, இன்னொண்ணுல ரோமன், இன்னொண்ணுல மலையாள எண்ணு. உள்ள சீனாவுலேர்ந்து வந்த நீலமும் வெள்ளையும் கலந்த ஓடு, ஒவ்வொண்ணும் கையால வரைஞ்சது, செருப்பு போட்டுட்டு யாரும் மிதிக்க கூடாது. கால்ல அந்த ஓட்டோட குளிர்ச்சி படும் பாரு, சித்திரை மாச வெயில்லயும் ஜில்லுன்னு இருக்கும். இத பாக்கத்தான் வெளிநாட்டுக்காரங்க வராங்க. ஆனா உன் அம்மச்சி அந்த பள்ளிக்காரங்க இல்ல. நீ சொன்னத வச்சு பாத்தா, 54-ல பதிமூணு வயசுல கப்பல் ஏறினவங்க, மட்டாஞ்சேரி தெக்கு கோடின்னு சொன்னாங்கன்னா அது கடவும்பாகம் பள்ளி. மலபாரி யூதர்னு சொல்லுவாங்க, பரதேசிக்காரங்கள விட ரொம்ப காலம் முன்னாடியே இந்த மண்ணுல இருந்தவங்க. அப்படி இருந்தும் பரதேசிக்காரங்க அவங்களுக்கு பொண்ணு கொடுக்க மாட்டாங்க எடுக்கவும் மாட்டாங்க.

இத நான் உனக்கு மறைக்காம சொல்லணும், ஏன்னா அம்மச்சி என்னிக்காவது "பரதேசி"ன்னு சொல்லி முகத்த திருப்பினா உனக்கு காரணம் புரியணும். பரதேசிப் பள்ளிக்குள்ளயே இன்னொரு பிரிவு இருந்துச்சு, அடிமையா இருந்து விடுதலையானவங்களோட வம்சம். அவங்க உள்ள பெஞ்சுல உக்கார கூடாது, முன் அறையில தரையிலயும் படியிலயும்தான். ஒரே தோரா வேதம், ஒரே பிரார்த்தனை, ஆனா தரையில. அந்த வம்சத்துல பொறந்தவருதான் ஏ.பி.சேலம், மெட்ராஸ்ல படிச்சு வக்கீலானவரு, கொச்சி யூதர்லயே முதல் பட்டதாரி, சட்டசபையிலயும் இருந்தவரு. பள்ளிக்குள்ளயே சத்தியாகிரகம் பண்ணினாரு. யூத காந்தின்னே பேரு வந்துடுச்சு. வருஷக்கணக்கா விடாம நின்னு, கடைசியில பிள்ளைங்க காலத்துல உள்ள இடம் கிடைச்சுது. இப்ப அந்த தெருவுக்கே அவர் பேருதான். உங்க தாத்தா அவரோட கருப்பு கோட்ட தேச்சு கொடுத்திருக்காரு. சொந்த ஊர்ல கோயில் வாசல்ல நின்னுட்டு திரும்பின உங்க தாத்தா, வக்கீலுக்கு படிச்ச ஒரு மனுஷனையும் அப்படி உக்கார வச்சாங்கன்னு தெரிஞ்சப்ப, அன்னிலேர்ந்து அவர் துணிக்கு காசு வாங்குறதுக்கே கூச்சப்பட்டாராம். 67-ல சேலம் சார் காலமானப்ப எனக்கு பதிமூணு வயசு, அப்பா அன்னிக்கு அடுப்பு பத்த வைக்கல.

அடுத்த வருஷம் 68 டிசம்பர்ல பள்ளிக்கு நானூறு வருஷம். இந்திரா காந்தி வந்தாங்க. ஸ்டாம்ப் போட்டாங்க, அதுல ஒண்ணு அப்பாவோட தகரப்பெட்டியில இப்பவும் இருக்கு, நீ வரும்போது காட்டறேன். அந்த வாரம் துவைச்ச அளவுக்கு மேசைவிரிப்ப நான் ஜென்மத்துல துவைச்சதில்ல. அப்பதான் ஒரு பெரியவர் அந்த செப்பு பட்டயத்த பத்தி எங்களுக்கு சொன்னாரு. ஆயிரம் வருஷத்துக்கு முன்ன பாஸ்கர ரவிவர்மன்ங்கற ராஜா யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு கொடுத்தது, வட்டெழுத்துல இருக்கும், எழுபத்திரெண்டு உரிமை. பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம்னு வரிசையா வாசிச்சாரு. அப்பா நடுவுல கைய தூக்கி "பாவாடைன்னா நடக்கற வழியில துணி விரிக்கறது, அது எங்க வேல"ன்னு சொன்னாரு பாரு, அந்த பெரியவர் வாசிக்கறத நிறுத்திட்டு எழுந்து வந்து அப்பா கைய பிடிச்சுகிட்டாரு. யாரு விரிச்சாங்கன்னு பட்டயத்துல போடல. ஆனா விரிச்ச துணிய யாரோ ஒருத்தன் துவைச்சிருப்பான்ல.

சரி, அம்மச்சிக்கு வரேன். நீ போன மாசம் கேட்டியே, அவங்க "மனாரா மனாரா"ன்னு சொல்றாங்க அது என்னன்னு. அது சிம்ஹா தோரா விளக்கு. கிப்பூர் முடிஞ்ச கையோட தென்னை ஓலையில பந்தல் போடுவாங்க, சுக்கான்னு பேரு, எட்டு நாள் அதுலதான் சாப்பாடு. பிள்ளைங்களுக்கு கொண்டாட்டம், ஓலை முடையறதுக்கு நம்ம ஆளுங்களும் போவாங்க. அந்த பண்டிகை முடியற அன்னிக்கு சிம்ஹா தோரா. ஒரு வருஷம் முழுக்க வாரா வாரம் வாசிச்ச தோரா அன்னிக்கு முடியும், முடிஞ்ச உடனே திரும்ப முதல் வரியிலேர்ந்து ஆரம்பிச்சிடுவாங்க. பள்ளிக்கு வெளியில விளக்கு விளக்கா அடுக்கி கோபுரம் மாதிரி கட்டுவாங்க, அதான் மனாரா, எல்லாம் தேங்கா எண்ணெய். உள்ள முல்லைப்பூ வாசம், தேங்கா எண்ணெய் வாசம், வேர்வை வாசம், எல்லாம் ஒண்ணா அடிக்கும். தோரா சுருள வெள்ளி கூட்டோட தூக்கிட்டு பள்ளிய சுத்தி வருவாங்க. மாப்பிளா முஸ்லிமுங்க, கொங்கணி, குஜராத்தி, நாங்க, எல்லாரும் மதில் பக்கம் நின்னு பாப்போம், யாரும் போன்னு சொல்ல மாட்டாங்க. பொம்பளைங்க மேல மாடத்துலேர்ந்து பாடுவாங்க. வேற ஊர் யூதருங்க சிலபேரு ஆம்பளைங்க கேக்க பொம்பளைங்க பாடவே கூடாதுன்னு வச்சிருக்காங்களாம், இங்க அப்படி இல்ல. மலையாளத்துல, அவங்களே நோட்டுபுக்குல எழுதி வச்சு, அம்மாகிட்டேர்ந்து மகளுக்குன்னு வந்த பாட்டு. கல்யாணத்துக்கு ஒண்ணு, பண்டிகைக்கு ஒண்ணுன்னு நிறைய இருக்கும். அம்மச்சி ராத்திரி முணுமுணுக்கறாங்கன்னு சொன்னியே, எனக்கு தெரிஞ்சு அது ஜெபம் இல்ல, அந்த பாட்டுல ஒண்ணாதான் இருக்கும்.

அவங்க போனதுக்கப்புறம் இங்க நடந்தது உனக்கு பாதி தெரியும். 50-கள்ல ஊர் ஊரா காலியாச்சு, சேந்தமங்கலம், பறவூர், எர்ணாகுளம், மாளா, எல்லாரும் இஸ்ரேல். அந்த நெவாட்டிம் கிராமத்துல நம்ம கொச்சிக்காரங்க போய் இறங்கினது 54-ல, வெறும் மணலாம், தென்னை மரத்த பாத்து வளந்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும் நினைச்சு பாரு. கடவும்பாகம் பள்ளிய பூட்டினாங்க, அப்புறம் கோடவுன் ஆச்சு. நான் உள்ள போய் பாத்திருக்கேன், மேல மரத்துல அவ்வளவு செதுக்கு வேலை, கீழ கயிறு மூட்டை. அந்த மரவேலை எல்லாத்தையும் 90-கள்ல கழட்டி கொண்டு போய் ஜெருசலேம் மியூசியத்துல அப்படியே திரும்ப பூட்டி வச்சிருக்காங்க. இங்க வெறும் சுவரு மட்டும் நின்னுது, 2019 மழையில அதுலயும் ஒரு பக்கம் இடிஞ்சு விழுந்துச்சு. நான் சைக்கிள நிறுத்திட்டு ரொம்ப நேரம் பாத்துகிட்டே நின்னேன்.

பரதேசிப் பள்ளி மட்டும் நின்னுது, ஆனா ஆளு இல்ல. ஜெபத்துக்கு பத்து ஆம்பளைங்க வேணும் பாப்பா, மின்யான்னு சொல்லுவாங்க, ஒன்பது பேர் இருந்தா தோராவ வெளிய எடுக்க மாட்டாங்க. நீ பத்தாவது படிக்கறப்பன்னு நினைக்கறேன், ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாயற நேரத்துல நான் துணி மூட்டையோட போறேன், பள்ளி வாசல்ல மூணு பேர் நின்னு தெருவ எட்டி எட்டி பாக்கறாங்க, உள்ள ஆறு பேர். டூரிஸ்ட்ல எவனாவது யூதன் வரமாட்டானான்னு. அதுல ஒருத்தருக்கு எம்பது வயசு இருக்கும், கம்பிய பிடிச்சுட்டு நிக்கறாரு, நான் வெளுத்த சட்டைதான் உடம்புல. என்ன பாத்ததும் முகம் ஒரு நொடி மலர்ந்துச்சு, அப்புறம் அடங்கிடுச்சு. "நாப்பது வருஷமா நீ வர, உன்ன எண்ண முடியலயேடா"ன்னாரு. எனக்கு தப்பா படல, அவங்க சட்டம் அது. அவரு கை நடுங்கினதுதான் தாங்க முடியல. அப்புறம் ஒரு பையன் முதுகுல பை மாட்டிட்டு வந்தான், எந்த ஊரோ தெரியல, அவன கைய பிடிச்சு உள்ள கூட்டிட்டு போனாங்க, கொஞ்ச நேரத்துல உள்ளேர்ந்து பாட்டு சத்தம் வந்துச்சு. நான் மூட்டைய இறக்காம அப்படியே நின்னு கேட்டேன்.

இப்ப அதுவும் இல்ல. 2019-ல சாரா கோஹன் ஆன்ட்டி போனாங்க, 96 வயசு, எம்ப்ராய்டரி கடை வச்சிருந்தாங்களே, உனக்கு ஒரு கைக்குட்டை கொடுத்தாங்க, ஞாபகம் இருக்கா. அவங்க கடைய பாத்துகிட்டது ஒரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, சொந்த மகன் மாதிரி. 2024 ஆகஸ்ட்ல அந்த தெருவோட கடைசி பெண்மணியும் போயிட்டாங்க. நானும் போயிருந்தேன் அடக்கத்துக்கு, வெளிய நின்னேன்.

அதனால பாப்பா, உன்கிட்ட இருக்கற அம்மச்சிய வெறும் வேலையா பாக்காத. நீ அப்படி பாக்கறவ இல்லன்னு தெரியும், ஆனாலும் சொல்றேன். அவங்ககிட்ட மலையாளத்துல பேசு, தப்பா பேசினாலும் பரவால்ல, "மனாராவுல எத்தன விளக்கு இருந்துச்சு அம்மச்சி"ன்னு கேளு, எத்தன சொன்னாங்கன்னு எனக்கு சொல்லு. பாடினா போன்ல ரெக்கார்ட் பண்ணு, ஆனா வெள்ளி பொழுது சாஞ்சதுலேர்ந்து சனி ராத்திரி வரைக்கும் வேணாம், கிப்பூர் அன்னிக்கும் வேணாம், போன பாத்தாலே அவங்களுக்கு மனசு சங்கடப்படும். அவங்க மகன் ஒத்துக்கிட்டாருன்னா பண்டிகை எல்லாம் முடிஞ்சு ஒரு நாள் வீல்சேர்ல வச்சு ஜெருசலேம் மியூசியம் கூட்டிட்டு போங்க. அவங்க பள்ளி அங்கதான் இருக்கு. அவங்க அம்மா உக்காந்து பாடின மேல்மாடம் எந்த பக்கம்னு அவங்களே கைய நீட்டி காட்டுவாங்க.

நோன்பு விஷயம், அவங்களுக்கு சுகர் இருக்கு, பிபி மாத்திரை இருக்கு. முன்னாடியே மகன்கிட்டயும் டாக்டர்கிட்டயும் கேட்டுடு. உயிருக்கு ஆபத்துன்னா சாப்பிடணும்னு அவங்க மதத்துலயே இருக்கு, இங்க ஒரு பெரியவர் கிப்பூர் அன்னிக்கு தண்ணி குடிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சப்ப பள்ளிக்காரங்களே வந்து சொல்லி குடிக்க வச்சாங்க, என் கண்ணால பாத்தேன். நீயா வற்புறுத்தாத, அவங்க ஆளுங்க வாயால சொல்ல வை. சைரன் சத்தம் கேட்டா மட்டும் எதுவும் யோசிக்காம அவங்கள கூட்டிட்டு உள்ள போயிடு, எங்களுக்கு போன் அப்புறம் பண்ணிக்கலாம்.

இப்ப அந்த டிரஸ். பருத்திதான்னு சொன்ன. நாளைக்கே வெதுவெதுப்பான தண்ணியில சோப்பு தூள் போட்டு ரெண்டு மணி நேரம் ஊற வை, காலரையும் கைமடிப்பையும் மட்டும் கையால கசக்கு, பிரஷ் போடாத, பழைய நூல் பிஞ்சுடும். மூணு தண்ணியில அலசு. கடைசி தண்ணியில ரெண்டு சொட்டு நீலம், முதல்ல தண்ணியில நல்லா கலக்கிட்டு அப்புறம் துணிய முக்கு, இல்லன்னா திட்டு திட்டா நின்னுடும். அங்க நீலம் கிடைக்கலன்னா விடு, நல்ல வெயில் போதும், அந்த பாலைவன வெயில் நம்ம ஊர் வெயில விட நல்லா வெளுக்கும். முழுசா காய விடாத, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே உள்பக்கம் திருப்பி போட்டு தேச்சிடு. முடிச்சதும் மடிக்காம அவங்க முன்னாடி கொண்டு போய் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா தூக்கி பிடிச்சு காட்டு, அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் பிடி. திருப்பி கொடுத்தாங்கன்னா முகம் சுளிக்காம இன்னொரு தடவ துவை. எப்படியும் அன்னிக்கு பொழுது சாயறதுக்கு முன்ன தேச்சு முடிச்சு ஹேங்கர்ல மாட்டிடு, அதுக்கப்புறம் அயர்ன் பாக்ஸ தொடக்கூடாது.

அம்மா கேட்டா, நீ சரியா சாப்பிடறியான்னு. பதில் போடு.

அப்பா