வாக்-ஆன் வீரரின் கட்டணம் யார் கணக்கில்? எஸ்.இ.சி. பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: எஸ்.இ.சி. என்னும் அமெரிக்கத் தென்கிழக்குக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பின் 16 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த விளையாட்டுத் துறை இயக்குநர்கள், அமெரிக்கக் கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளர்கள், மாணவர் ரசிகர் குழுக்கள்.

வணக்கம்.

2017 டிசம்பரில் ஜார்ஜியா அணி ரோஸ் பௌல் ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. எதிரணி ஓக்லஹோமா. அதன் குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்திப் பந்தெறிபவர்) பேக்கர் மேஃபீல்ட், சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை அந்த ஆண்டு வாங்கியவர், ஓரிடத்தில் நில்லாமல் ஓடித் திரிந்து பந்தெறிபவர். அவரை எப்படி மடக்குவது என்று ஜார்ஜியாவின் தடுப்பாட்டக்காரர்கள் பழக வேண்டுமானால், பயிற்சியில் யாராவது மேஃபீல்டாக ஆடிக் காட்ட வேண்டும். அந்த வேலை ஸ்டெட்சன் பென்னட் என்ற முதலாண்டு மாணவருக்குப் போனது. ஜார்ஜியா 54-48 என்று வென்றது. பென்னட்டுக்கு அப்போது உதவித்தொகை இல்லை. அவர் யாராக ஆடிக் காட்டினாரோ அந்த மேஃபீல்டும் டெக்சஸ் டெக்கிலும், பிறகு ஓக்லஹோமாவிலும், உதவித்தொகை இல்லாமல் நுழைந்தவர்தான். பென்னட் மிசிசிப்பியில் ஒரு ஜூனியர் காலேஜுக்குப் போய் ஒரு சீசன் ஆடிவிட்டுத் திரும்பிய பிறகே ஜார்ஜியாவில் அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. 2021, 2022 என்று அடுத்தடுத்த இரண்டு சீசன்களில் அவர் தலைமையில்தான் ஜார்ஜியா தேசியப் பட்டத்தை வென்றது.

இதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். அமெரிக்கக் கால்பந்தை அதிகம் பார்க்காத தமிழ் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். விளையாட்டு உதவித்தொகை எதுவும் பெறாமல், சொந்தக் காசிலோ கடனிலோ படித்துக்கொண்டு அணியில் ஆடுபவர் வாக்-ஆன். இவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினரைப் பயிற்சியாளரே அழைத்து, அணியில் இடம் உறுதி, காசு மட்டும் கிடையாது என்று சொல்லியிருப்பார். இவர்களுக்குப் ‘ப்ரிஃபர்ட் வாக்-ஆன்’ என்று பெயர். மற்றவர்கள் கல்லூரியில் சேர்ந்த பிறகு தேர்வோட்டத்தில் கலந்துகொண்டு உள்ளே வருபவர்கள்.

எங்கள் முதன்மைக் கோரிக்கை இது. 105 பேர் கொண்ட உங்கள் பட்டியலில் வாக்-ஆன்களுக்கு எத்தனை இடம், அவர்களில் எத்தனை பேருக்கு உதவித்தொகை, எந்த அளவுகோலின்படி, எவ்வளவு காலத்துக்கு என்பதை ஆகஸ்ட் பயிற்சி முகாம் தொடங்கும் முன் எழுத்தில் வெளியிடுங்கள்.

எண்களிலிருந்து தொடங்குவோம். நீண்ட காலமாக ஓர் அணிக்கு 85 உதவித்தொகை என்பது உச்சவரம்பாக இருந்தது. அணியின் மொத்த ஆள்கணக்குக்கு சீசன் நடுவே வரம்பு இல்லாததால் வாக்-ஆன்களோடு சேர்த்து 120 பேருக்கு மேல் வைத்திருந்த அணிகள் பல. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ‘ஹவுஸ்’ வழக்கின் உடன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தார். ஜூலை 1 முதல் உதவித்தொகை வரம்பு போய், ஆள்கணக்கு வரம்பு வந்தது: கால்பந்துக்கு 105. உதவித்தொகை 85-இலிருந்து 105 ஆகிவிட்டது, வாக்-ஆன்களுக்கு நல்ல காலம் என்று ரசிகர்கள் பலர் எடுத்துக்கொண்டார்கள். நடந்தது வேறு. 105 பேர் வரை கொடுக்கலாம் என்றுதான் உடன்பாடு சொல்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் 105-க்கு மேல் ஆள் கூடாது என்பது கட்டாயம். காசு வருமா வராதா என்பது உங்கள் விருப்பம், ஆள் குறைவது நிச்சயம். ஏற்கெனவே வெளியேற்றப்பட்ட வீரர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள் என்று உடன்பாட்டில் ஒரு விலக்கைச் சேர்த்தார்கள். அதுவும் அவர்களைத் திரும்பச் சேர்க்கலாம் என்பதோடு நிற்கிறது, சேர்க்க வேண்டும் என்று யாரையும் கட்டுப்படுத்தவில்லை.

பணம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். 2025-26-இல் வீரர்களோடு நேரடியாகப் பகிர்ந்துகொள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை அனுமதி. புதிதாகச் சேர்க்கும் உதவித்தொகையில் 25 லட்சம் டாலர் வரை அந்த வரம்புக்குள் கழிக்கப்படும். உள்மாநில மாணவர் ஒருவருக்குக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 30,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இருபது பேருக்கு ஆறு லட்சம் டாலர். அது 2.05 கோடியில் நூற்றுக்கு மூன்று பங்கு கூட இல்லை. வெளிமாநில மாணவருக்குச் செலவு இதைவிட நிறையக் கூடும் என்பது உண்மை. அப்படியானால் உள்ளூர்ப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள். வாக்-ஆன்களில் பெரும்பாலோர் அவர்கள்தாம்.

இனி, வாக்-ஆனுக்கு உதவித்தொகை அறிவிக்கும் அந்த வீடியோவைப் பற்றி. ஆகஸ்டில் அணிக் கூட்டம் நடக்கும், பயிற்சியாளர் ஏதோ பேசிக்கொண்டே வந்து திடீரென்று ஒரு பெயரைச் சொல்வார், மொத்த அணியும் பாய்ந்து அந்தப் பையனைக் கட்டிக்கொள்ளும், அவன் அம்மாவுக்குப் போன் போடுவான். பார்க்கும் எவருக்கும் கண் கலங்கும். எங்களுக்கும் கலங்குகிறது. ஆனால் வீடியோ முடிந்த பிறகு கையில் வரும் தாளில் என்ன இருக்கிறது? கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிகளில் ஒரு விலக்கு உண்டு. ஒரு பருவமாவது முழுநேரம் படித்து, அதற்கு முன் விளையாட்டு உதவித்தொகை எதுவும் பெறாத மாணவருக்கு ஒரே ஒரு பருவத்துக்கு மட்டும் உதவித்தொகை கொடுக்கலாம். வாக்-ஆனுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற விதி இது. ஆகஸ்டில் கொண்டாட்டம், டிசம்பரில் தொகை முடிந்தது, ஜனவரியில் மறுபடி கட்டண ரசீது. ஆகவே அந்தத் தாளில் ஒரு திருத்தம்: வாக்-ஆனுக்குக் கொடுப்பது குறைந்தது ஒரு முழுக் கல்வியாண்டுக்கு இருக்கட்டும். அடுத்த ஆண்டுக்கு உண்டா இல்லையா என்பதை ஜூலை 1-க்குள் எழுத்தில் தெரிவிக்கும் விதியும், மறுத்தால் விளையாட்டுத் துறைக்கு வெளியே நிதியுதவி அலுவலகத்தில் முறையிடும் உரிமையும் அவருக்கு உண்டு என்பதை அதே தாளில் அச்சிடுங்கள். உதவித்தொகை இல்லாமலே இரண்டு வருடம் ஓட்டியவனுக்கு அந்த உரிமை இருப்பதே பல நேரம் தெரிவதில்லை.

நிகரக் கணக்கும் பார்க்க வேண்டும். குடும்ப வருமானத்தை வைத்துப் பல்கலைக்கழகமே ஒருவருக்கு 12,000 டாலர் மானியம் கொடுத்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30,000 டாலர் விளையாட்டு உதவித்தொகை வந்ததும் அந்த மானியம் கழிந்தால், புதிதாகச் சேர்வது 18,000 டாலர்தான். ஏழை மாணவர்களுக்குக் கூட்டரசு தரும் பெல் கிராண்ட் மானியம் மட்டும் தனியே தொடரும். கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போகும் தொகைக்கு வரி இல்லை, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பங்கு வரிக்குரிய வருமானம். இதை ஏப்ரலில் வரித்தாள் நிரப்பும்போதுதான் பல குடும்பங்கள் கண்டுபிடிக்கின்றன. அறிவிப்புக்கு முன்பே நிதியுதவி அலுவலரோடு அரை மணி நேரம் உட்கார வைத்தால் போதும். இன்னொன்று: ‘உனக்கு வந்துவிடும்’ என்று வாய்வார்த்தை சொல்லி, கூட்டரசு நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் போடாமல் விட்டுவிட வைக்காதீர்கள். அந்த வாக்கு தவறினால் மானியத்தின் முன்னுரிமைத் தேதியும் போய்விட்டிருக்கும். இரண்டுமில்லாமல் நிற்பது மாணவன்.

வெளியேற்றும் தேதியும் பெரிய விஷயம். பட்டியலை 105-க்குள் கொண்டுவரும் அவசரம் முதல் ஆட்டத்தை ஒட்டி வருகிறது. அதற்குள் வகுப்புகள் தொடங்கிவிடும், கட்டணம் கட்டியாகிவிடும், அறைக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடும். அப்போது ‘இடமில்லை’ என்றால் அந்தப் பருவத்தில் வேறு கல்லூரிக்குப் போகவும் வழியில்லை. ப்ரிஃபர்ட் வாக்-ஆன்களுக்கு இந்த முடிவை ஜூன் மாதத்துக்குள் சொல்லிவிடுங்கள். பயிற்சியாளர்களுக்குக் காயக் கணக்கு முன்கூட்டித் தெரியாது, அந்தச் சங்கடம் புரிகிறது. ஆனால் 101-ஆம் ஆளா 109-ஆம் ஆளா என்பது பெரும்பாலும் வசந்தகாலப் பயிற்சி முடியும்போதே தெரிந்துவிடுகிறது.

இந்த ஆட்கள் எதற்கு என்று கேட்பவர்கள், பரம வைரியோடு மோதும் ஆட்டத்துக்கு முந்தைய செவ்வாய், புதன்கிழமைப் பயிற்சியைப் பார்க்க வேண்டும். உதவிப் பயிற்சியாளர் எதிரணியின் ஆட்டம் வரைந்த அட்டையைத் தூக்கிப் பிடிப்பார். எதிரணியாக நடிக்கும் ஸ்கவுட் அணி அதைப் பார்த்து, அப்படியே நின்று, அப்படியே ஓட வேண்டும். உடனே அடுத்த அட்டை. வரிசையின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்ட் அரை கஜம் தள்ளி நின்றாலும், பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக் ஓரடி பின்னால் நின்றாலும், தடுப்பாட்டக்காரர் தவறான அடையாளத்தைப் படித்துக்கொண்டு சனிக்கிழமை ஏமாறுவார். ஒரு மைதானத்தில் முதல் தாக்குதல் அணிக்கு எதிராக ஸ்கவுட் தடுப்பு, பக்கத்து மைதானத்தில் முதல் தடுப்பு அணிக்கு எதிராக ஸ்கவுட் தாக்குதல். ஸ்கவுட்டுக்கே 22 பேர், மாற்றாள் தனி. நவம்பர் கடைசியில் எந்த அணியிலும் காயக்காரர்கள் இருப்பார்கள். முதலில் தட்டுப்படுவது, எதிரணியை முட்டித் தடுக்கும் ஐவர் வரிசையான அஃபென்சிவ் லைன். ஸ்கவுட் வரிசைக்கு ஐந்து பேர் தேறவில்லையென்றால் இரண்டாம் வரிசைக்காரர்களே இரண்டு பக்கமும் முட்ட வேண்டும், களைத்துப்போய்க் கணுக்காலும் முழங்காலும் போகும். உதைக்குப் பந்தைப் பின்னால் எறியும் லாங் ஸ்னாப்பர், அதைப் பிடித்து நிறுத்தும் ஹோல்டர் என்று ஆட்டத்தின் கடைசி நொடியில் உயிர்நாடியாகும் இடங்களிலும் நிற்பவர்களில் பலர் வாக்-ஆன்களே. வெளியூர் ஆட்டமென்றால் பயணப் பட்டியல் இன்னும் சிறிது. அந்த வாரம் முழுக்க எதிரணியாக நடித்தவர்களில் பலர் அந்த ஆட்டத்தை விடுதி அறை டிவியில்தான் பார்ப்பார்கள். கறிவேப்பிலையாகப் பயன்படுத்தப்படுவது என்று தமிழில் சொல்வது இதைத்தான். 2014 வரை உதவித்தொகைக்காரர்களுக்கு இருந்த அணிச் சாப்பாடு கூட இவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு விதியை மாற்றினார்கள், எந்த அணியும் அதனால் திவாலாகவில்லை.

இனி ரசிகர்களிடம்.

டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கைல் ஃபீல்டின் மாணவர் பகுதி ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும். காரணம் 1922 ஜனவரி 2. டல்லஸில் சென்டர் காலேஜுக்கு எதிரான ஆட்டத்தில் வீரர்கள் ஒவ்வொருவராகக் காயம்பட்டு விழ, பயிற்சியாளர் டேனா பைபிள் மேலே இருந்த ஈ. கிங் கில் என்ற மாணவரைக் கீழே அழைத்தார். கில் காயம்பட்ட வீரரின் உடையை மாட்டிக்கொண்டு கடைசி வரை தயாராக நின்றார். அவரை இறக்கவேண்டிய தேவை வரவில்லை, அணி 22-14 என்று வென்றது. ‘பன்னிரண்டாவது ஆள்’ என்ற பெயர் அங்கிருந்து வந்தது. 1983-இல் பயிற்சியாளர் ஜாக்கி ஷெரில் வாக்-ஆன் மாணவர்களைக் கொண்டே, பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்காஃப் அணி ஒன்றை அமைத்தார். இன்று 12-ஆம் எண் சட்டையை ஒரு வாக்-ஆன் போடுகிறார். ரசிகனுக்கும் வாக்-ஆனுக்கும் நடுவே இருப்பது ஒரு கைப்பிடிக் கம்பி மட்டும்தான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வழக்கமும் காட்டவில்லை. 2011-க்குப் பிறகு நின்றுபோயிருந்த டெக்சஸ் – ஏ அண்ட் எம் மோதல் 2024 நவம்பர் 30 அன்று அதே கைல் ஃபீல்டில் மீண்டும் தொடங்கியது. அந்த ஆர்வத்தை எவரும் விலைக்கு வாங்க முடியாது.

ஆனால் அந்த ஆர்வத்தில் கொஞ்சம் அபராதமாகப் போய்க்கொண்டிருக்கிறது. 2024 அக்டோபர் 5 அன்று வேண்டர்பில்ட் 40-35 என்று தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமாவைச் சாய்த்தபோது ரசிகர்கள் மைதானத்தில் இறங்கி, கோல்போஸ்டைப் பிடுங்கி, கம்பர்லாண்ட் ஆறு வரை சுமந்துபோய்ப் போட்டார்கள். அபராதம் ஒரு லட்சம் டாலர். 2025-இலிருந்து ஒவ்வொரு முறைக்கும் ஐந்து லட்சம் டாலர். கூட்டமைப்பு ஆட்டமென்றால் அந்தப் பணம் எதிரணிப் பல்கலைக்கழகத்துக்கே போகிறது. நண்பர்களே, ஒருமுறை யோசியுங்கள்: யாரை வீழ்த்தினோம் என்று குதிக்கிறீர்களோ, அவர்களுக்கே காசோலை போகிறது. ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்துச் செலவிடும் அறக்கட்டளை நிதியில் ஐந்து லட்சத்தைப் போட்டால் வருடாவருடம் 20,000 டாலர் வரும். ஏழரை லட்சம் சேர்ந்தால் 30,000 டாலர். ஒரு வாக்-ஆனின் முழுச் செலவு, என்றென்றைக்கும்.

தனிப்பட்ட வீரர் கையில் நேரடியாகக் கொடுக்கும் வழியில் சிக்கல் அதிகம். 600 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வெளியார் ஒப்பந்தங்களை இப்போது பதிவுசெய்து ஒப்புதல் வாங்க வேண்டும். பல்கலைக்கழக அறக்கட்டளையில் ‘வாக்-ஆன் உதவித்தொகை’ என்று பெயர் குறித்த நிதிக்கு அனுப்புவது எளிது. எழுதும்போது ‘கால்பந்துக்கு’ என்று பொதுவாக எழுதாதீர்கள், அது பயிற்சியாளரின் ஒப்பந்த முறிவுத் தொகைக்குக் கூடப் போகலாம். அயர்ன் பௌல் (அலபாமா – ஆபர்ன்), எக் பௌல் (ஓல் மிஸ் – மிசிசிப்பி ஸ்டேட்) போன்ற பரம வைரி ஆட்டங்களில் இரண்டு பக்கத்து மாணவர் குழுக்களும் யார் அதிகம் சேர்க்கிறார்கள் என்று போட்டி வைத்தால் வசைப்பாட்டுக்கும் குறை வராது, நிதியும் சேரும்.

இயக்குநர்களே, பிராண்டன் பர்ல்ஸ்வொர்த் உங்கள் கூட்டமைப்பின் பிள்ளை. ஆர்கன்சாஸில் வாக்-ஆனாக நுழைந்து, 1998-இல் நாட்டின் சிறந்த வீரர்களின் பட்டியலான ஆல்-அமெரிக்கனில் இடம்பெற்றவர். 1999 ஏப்ரலில் தொழில்முறை அணியால் தேர்வாகி 11 நாளில் சாலை விபத்தில் இறந்தார். 2010 முதல் நாட்டின் சிறந்த வாக்-ஆனுக்குத் தரப்படும் கோப்பைக்கு அவர் பெயர்தான். ஒவ்வோர் ஆண்டும் அதற்கு உங்கள் வீரர்களைப் பரிந்துரைக்கிறீர்கள். அந்தப் பரிந்துரைத் தாளோடு சேர்த்து இந்த மூன்று எண்களையும் வெளியிடுங்கள்: பட்டியலில் எத்தனை வாக்-ஆன்கள், எத்தனை பேருக்கு முழு ஆண்டு உதவித்தொகை, எத்தனை பேருக்கு ஒரு பருவம் மட்டும். முதல் பட்டியலை வரும் ஆகஸ்ட் முகாமுக்கு முன் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
கல்லூரிக் கால்பந்து ரசிகர்கள்