கிரியேட் என்று போடச் சொன்னீர்கள், மாற்றச் சொல்லவில்லையே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கணினிப் பக்கத்தில், ஜாவாவில் ஆப் எழுத உதவும் ஸ்பிரிங் பூட் பற்றி வந்த பாடம் நன்றாகவே இருந்தது. ஜாவாவில் கிளாஸ் எழுதினால் போதும், டேட்டாபேஸில் அதற்கான டேபிளை, கிளாஸையும் டேபிளையும் இணைக்கும் கருவியான ஹைபர்நேட்டே உருவாக்கிக்கொள்ளும் என்று காட்டியதெல்லாம் சரி. ஆனால் அப்ளிகேஷன் ப்ராப்பர்டீஸ் என்ற செட்டிங் ஃபைலில், ஆப் கிளம்பும்போது டேபிள்களை என்ன செய்வது என்று சொல்லும் டிடிஎல்-ஆட்டோவுக்கு கிரியேட் என்று போடச் சொன்னீர்களே, அதைப் பிறகு மாற்றிவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கக் கூடாதா? கிரியேட் என்றால் ஆப் கிளம்பும் ஒவ்வொரு முறையும் தன் கிளாஸ்களுக்கு உரிய டேபிள்களை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டும், உள்ளே இருந்த டேட்டா போனது போனதுதான். கிரியேட்-டிராப் போட்டால் நிறுத்தும்போதும் அழித்துவிட்டுப் போகும். லேப்டாப்பில் பழகுகிறவருக்கு இது சௌகரியம். அதே ஃபைல் அப்படியே சர்வருக்குப் போகிறதே, அங்கேதான் வினை.

நானும் பட்டிருக்கிறேன். டெஸ்ட் சர்வரில் காலையில் ரீஸ்டார்ட் செய்தோம், எல்லா டேபிளும் காலி. ஃபைலைத் திறந்து பார்த்தால் வேலிடேட், அதாவது டேபிள் கிளாஸோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தால் மட்டும் போதும் என்று ஒழுங்காக இருக்கிறது. மூன்று முறை பார்த்தேன், யாரையெல்லாமோ சந்தேகப்பட்டேன், கடைசியில் பார்த்தால் என்றைக்கோ நானே ஃபைலுக்கு வெளியே அந்த சர்வரில் செட்டிங்காக வைத்த என்விரான்மென்ட் வேரியபிளில் கிரியேட் என்று கிடக்கிறது! ஃபைலும் வேரியபிளும் முரண்பட்டால் ஸ்பிரிங் பூட் வேரியபிள் சொல்வதைத்தான் கேட்கும். ஃபைலை மட்டும் பார்த்து நிம்மதியாக இருக்க முடியாது.

சரி, அப்டேட் போட்டால் ஆபத்தில்லையே என்பார்கள். அது டேபிளை அழிக்காது, வாஸ்தவம். ஆனால் கிளாஸில் ஃபோன் என்ற ஃபீல்டை மொபைல் என்று பெயர் மாற்றிப் பாருங்கள், பெயர் மாறியது அதற்குத் தெரியாது, பழைய நெடுவரிசையை அப்படியே விட்டுவிட்டு மொபைல் என்று காலியாக இன்னொன்றைச் சேர்த்துவைக்கும். பழையது நாட் நல் (காலியாக விடக் கூடாது) என்று இருந்தால் அடுத்த இன்சர்ட்டே இடிக்கும். நிஜமான சர்வருக்கு வேலிடேட் அல்லது எதையும் தொடாத நன் போதும். டேபிளை மாற்றும் வேலையை ஃப்ளைவே, லிக்விபேஸ் மாதிரி அதற்கென்றே இருக்கும் கருவி ஒன்றிடம் ஸ்கிரிப்டாக எழுதிக் கொடுத்துவிடலாம்.

இன்னொன்று, அதே ஃபைலில் ஸ்பிரிங்.ஜேபிஏ.ப்ராப்பர்டீஸ் என்று தொடங்கும் வரிகளில் எழுத்துப்பிழை விட்டால் எந்தப் புகாரும் வராது, அந்த வரியை ஹைபர்நேட் கண்டுகொள்ளாமல் போய்விடும். பல இன்சர்ட்டுகளைச் சேர்த்து அனுப்ப பேட்ச் சைஸ் வைத்தேன், வேகமே கூடவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் ஸ்பெல்லிங்கைப் பார்க்கட்டும்.

அடுத்த பாடத்தில் ப்ராட் ப்ரொஃபைலுக்கு, அதாவது நிஜமான சர்வருக்கான அமைப்புக்கு, தனி ஃபைல் வைப்பது எப்படி என்று காட்டி, அதில் வேலிடேட் என்று எழுதிக் காட்டுங்கள். உங்கள் பாடத்தைப் பார்த்து அப்படியே காப்பி அடிக்கிறவர்கள்தான் அதிகம், நானும் அப்படித்தான் கற்றேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்