வெல்லம்பிட்டிய உம்மாவுக்கு, மஸ்கெலியாவிலிருந்து

மலையகத்தில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். அம்மா, அப்பா, தங்கை மூவரும் நலம். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்திருப்பதால் இன்னும் தோட்டப் பாடசாலையில்தான் தங்கியிருக்கிறார்கள். நானும் அவர்களோடு இருக்கிறேன். வந்ததும் இதை எழுதாவிட்டால் எனக்கு நிம்மதி இல்லை.

டித்வா புயல் என்ன செய்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது, கொழும்புக்குப் பக்கத்தில் வெல்லம்பிட்டியில் என் வாடகை அறைக்குப் பக்கத்து வீட்டு உம்மாவைப் பற்றி.

அந்தச் சனிக்கிழமை எங்கள் ஒழுங்கையில் மழை ஓய்ந்திருந்தது. புதிதாக வந்தவர் பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைப்பார். களனி கங்கை ஓரத்தில் இருப்பவர்கள் அப்படி நினைப்பதில்லை. மலையில் பெய்தது இனிமேல்தான் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமு ஓயாவும் சேர்ந்துதானே களனி. கித்துல்கலை, அவிசாவளை, ஹங்வெல்லை, கடுவலை தாண்டி அந்தத் தண்ணீர் கொழும்புக்கு வந்து சேரும்வரை நகரம் தன் பாட்டில் நடந்துகொண்டிருந்தது. பேக்கரியில் பாணுக்கு வரிசை. கடைகளில் மெழுகுதிரி தீர்ந்துவிட்டது. ஓட்டோக்காரர்கள் வண்டிகளை மேட்டு வீதிகளில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். களனியின் நாகலகம் வீதி நீர்மானி இப்போது எத்தனை அடி என்பதே எல்லார் வாயிலும் பேச்சு. 7 அடியைத் தாண்டினால் பெருவெள்ளம். 2016 மே வெள்ளத்தின் கறை பல வீட்டுச் சுவர்களில் இன்னும் இருக்கிறது. சாமான்களை அதற்கு மேலே ஏற்றிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டார்கள்.

உம்மா வீட்டிலும் அதே வேலைதான். பிரிட்ஜைத் தூக்க நானும் கை கொடுத்தேன். ஆனால் என் கண் போனிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஊரில் யாருடைய போனும் வேலை செய்யவில்லை. உம்மா அதைக் கவனித்திருக்கிறார். "மகன், ஊட்டு நம்பரச் சொல்லுங்க, என்ட போன்ல எடுத்துப் பார்ப்பம்" என்றார். அம்மாவின் நம்பர், தோட்டத்துக் கடைக்கார மாமாவின் நம்பர், தலைவரின் நம்பர் எல்லாவற்றையும் பேரப்பிள்ளையின் கணக்குக் கொப்பியில் பெரிது பெரிதாக எழுதிக்கொண்டார்.

அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழைக்கத் தொடங்கினார். கிடைக்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. அவருடைய அலுமாரி இன்னும் தரையில்தான் இருந்தது. "தண்ணி ஒழுங்கை முனைக்கு வந்திட்டு, எழும்புங்க உம்மா" என்று மகன்மார் சத்தம் போட்டார்கள். பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த நம்பரை அழுத்தினார். கரண்ட் போயிருந்தது. அந்த நாட்களில் போனில் கொஞ்சம் சார்ஜ் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தவித்தவர்களுக்குத் தெரியும். முன்பின் பார்த்திராத ஒரு தோட்டத்துக் குடும்பத்தைத் தேடுவதற்கே உம்மா அதைச் செலவழித்தார்.

மாலை மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னர் கடைக்கார மாமா கிடைத்தார். லைன் எந்த நேரமும் போய்விடும் என்ற அவசரத்தில் உம்மா தானே பேசினார். முதலில் என் பெயரைத்தான் சொன்னார். "எங்களோட இருக்கார், சாப்பிட்டார், அவங்க உம்மாட்ட சொல்லிடுங்க. அங்க அவங்க எப்பிடி?" கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "மூணு பேரும் ஸ்கூல்ல இருக்காங்களாம் மகன்" என்றார். லைன் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அலுமாரியைத் தூக்கினோம். கீழ்த்தட்டில், தைத்துக் கொடுப்பதற்காக வாங்கி வைத்திருந்த துணிகள் நனைந்துபோயிருந்தன. அதைப் பற்றி இன்றுவரை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடையில் எனக்குச் சம்பளம் தருபவர்கள்கூட என்னைப் பையன் என்றுதான் கூப்பிடுவார்கள். கொழும்பில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் பலருக்கும் இதுதான் பெயர். உம்மாவுக்கு என் பெயர் தெரிந்திருந்தது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

எங்களைப் படகில் ஏற்றிய தம்பிமார், பள்ளிவாசலில் விடிய விடிய சோறு ஆக்கியவர்கள், பன்சலை என்ற பௌத்த விகாரையில் பாய் விரித்துத் தந்த சிங்கள அக்காமார், பாதையில் மண் அள்ளியவர்கள், மழையில் நின்று மின்கம்பி இழுத்தவர்கள், இரவோடு இரவாகப் பாடசாலையைத் திறந்துவிட்ட ஆசிரியர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களில் பலரின் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உம்மா, அம்மா உங்கள் நம்பரை எழுதி வைத்திருக்கிறார். மவுசாகலை, லக்ஷபான நீர்த்தேக்கங்களில் வான்கதவு திறக்கிறார்கள் என்றால் இங்கே எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். இனி அப்படி ஒரு மழை வந்தால், ரேடியோ சொல்வதற்கு முன்னரே எங்கள் வீட்டிலிருந்து உங்களுக்குக் கோல் வரும். வேலைக்குத் திரும்பியதும் உங்கள் சுவருக்குப் பெயின்ட் அடிக்க வருகிறேன். நனைந்த துணிகளுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியிருப்பதில் என் பங்கையும் வாங்கிக்கொள்ள வேண்டும். மறுக்கக் கூடாது.