குடற்புழு தனியாக வாழ்வதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

குடற்புழு என்றாலே 'மாத்திரை போட்டால் சரியாகிவிடும்' என்று எழுதி முடித்துவிடுகிறோம். குடலுக்குள் நடப்பது அவ்வளவு எளிதல்ல.

எலியின் சாட்டைப்புழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முட்டை இரு முனையிலும் அடைப்பு வைத்த குட்டிப் பீப்பாய் போல இருக்கும். குடல் பாக்டீரியா அந்த முனையில் போய் ஒட்டும்போதுதான் முட்டை நன்றாகப் பொரிகிறது. 2010இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். பாக்டீரியாவைக் குறைத்த எலிகளில் புழுவும் குறைந்தது!

மனிதக் குடலுக்குள் வந்த புழுவும் சும்மா இருப்பதில்லை. நோய் எதிர்ப்பைத் தணிக்கும் பொருள்களைச் சுரந்து, ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. சரி, அப்படியானால் ஒவ்வாமைக்குப் புழுவே மருந்தாகுமே என்று பரப்புகிறவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. நோய் எதிர்ப்பு மிகையாகிக் குடலில் அழற்சி உண்டாக்கும் கிரோன் நோய் உள்ளவர்களுக்குப் பன்றிச் சாட்டைப்புழு முட்டை கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகளில் பலன் தெரியவில்லை. கொக்கிப்புழுவோ குடல்சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கிறது. இரத்தசோகையால் அதிகம் தவிப்பது குழந்தைகளும் கர்ப்பிணிகளும்தான்.

மாத்திரை கட்டாயம் வேண்டும். ஆனால் மண்ணில் முட்டை கிடக்கும்வரை புழு திரும்பத் திரும்ப வரும். கழிப்பறை வசதியைப் பற்றியும், இந்தப் புழு-பாக்டீரியா உறவைப் பற்றியும் உங்கள் மருத்துவப் பக்கத்தில் விரிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்